ஐந்து வாரம் நான் மறைத்து வைத்த சட்டம்

கோச்சடை, மதுரை
20.7.2025

அன்பு மகள் அஸ்வினிக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அயர்லாந்து மழையிலும் குளிரிலும் சளி காய்ச்சல் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று மீனாட்சியிடம் சொல்லிவிட்டு இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்ததும் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. தினமும் வீடியோவில் பேசுகிறோமே, எதற்கு இந்தக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அது மட்டும் இல்லை, இந்த விஷயத்தை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆபீசில் உட்கார்ந்து டைப் அடித்துப் பார்த்தேன், அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டுக் கையால் எழுதுகிறேன்.

அப்பா மில் வேலைக்குப் போன காலத்திலிருந்தே ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறார் என்பதும், பதினெட்டு வருஷமாக அவரோடு ஜோடிப் பாட்டுப் பாடுவது வண்டியூர் தமிழ்வாணி என்பதும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தப் பதினெட்டு வருஷமும் எனக்கு அவள் மேல் பொறாமை. நீ நினைக்கிற மாதிரி இல்லை. அவள் அப்பாவை அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள் புருஷன் சோலை அவனுடைய ஆட்டோவில் அவளைக் கூட்டிவந்து, கச்சேரி முடிகிற வரைக்கும் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். தப்பாக ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பாட்டு நடுவே அவள் எடுக்க வேண்டிய இடம் வரும்போது அப்பா திரும்பி அவளை ஒரு பார்வை பார்ப்பார் பாரு, அந்த ஒரு பார்வை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அடுத்து நீ என்ன சொல்லப் போகிறாய் என்று காத்திருக்கிற பார்வை அது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்கு எப்போதும் தெரியும், காய்கறி, கரண்டு பில், உன் கல்யாணம், இவ்வளவுதானே. அதனால்தான் நீ ஒன்பதாவது படித்தபோதிலிருந்து நான் கச்சேரிக்குப் போவதை நிறுத்தினேன். தலைவலி என்று சொன்னேன். அம்மாச்சி வீட்டில் அவள் சாதியை இழுத்து வேறு மாதிரிப் பேசினார்கள். அதற்கு நான் வாய் திறந்து மறுப்புச் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். புத்தாண்டுக்கு ஊருக்கு வெளியே ஒரு ஹோட்டலில் டிக்கெட் போட்டு விருந்து வைத்தார்கள், அதில் அப்பாவும் தமிழ்வாணியும் சினிமாப் பாட்டாகவே இருபது பாட்டுப் பாடினார்கள். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. பாட்டு எழுதியவர்கள், மெட்டுப் போட்டவர்கள் சார்பில் ஹோட்டலுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது, உரிமம் இல்லாமல் பாடியது காப்பிரைட் சட்டப்படி தவறு என்று. அதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. ஆனால் அந்தச் செய்தி கல்யாண மண்டபக்காரர்கள் காதுக்குப் போகும்போது கைகால் முளைத்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கின மறுநாள் நம் பக்கத்து மண்டபத்து மேனேஜர் பேயாண்டி வீட்டுக்கே வந்து, அண்ணே, இனிமே எந்த மண்டபத்துலயும் சினிமாப் பாட்டு பாடக் கூடாதாம், கேசு போடுறாங்களாம், நான் போர்டே எழுதி வச்சுட்டேன், என்றான். ஒரே வாரத்தில் வைகாசிக்குப் பேசி வைத்திருந்த ஒன்பது கச்சேரியும் போய்விட்டது. அப்பா இடிந்துபோய் உட்கார்ந்தார். பாட்டு என்றால் காற்றில் கிடக்கிறது, பாடுகிறவன் எடுத்துக்கொள்ளலாம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்த மனுஷர். ஒருத்தர் உட்கார்ந்து எழுதினார், ஒருத்தர் மெட்டுக் கட்டினார், அவர்களுக்கும் பங்கு உண்டு என்று நான் சொன்னால், நான் பாடுனா அது என் பாட்டு தானே அன்னம், என்பார்.

பேயாண்டி வந்துபோன மறுநாள் நான் ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக சூரியபிரகாஷ் சார் அலமாரியிலிருந்து அந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். இருபத்திரண்டு வருஷம் வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவளுக்கு எந்தப் பிரிவு எங்கே இருக்கும் என்று தேடத் தெரியாதா. ஐம்பத்திரண்டாவது பிரிவில், எதெல்லாம் மீறல் ஆகாது என்று நீளமாகப் போகிற இடத்தில், கடைசிப் பக்கமாக இருந்தது. மதச் சடங்குகளில் பாடுவது மீறல் இல்லை, கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டி நடக்கிற கொண்டாட்டங்களும் அதில் சேரும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. பென்சிலால் கோடு போட்டேன். ஓரத்தில் கல்யாணத்துக்குத் தடை இல்லை என்று எழுதி, எதைக் குறித்தாலும் தேதி போடுகிற பழக்கத்தில் 14.5 என்றும் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். வீட்டில் அப்பா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இனிமே சாயங்காலமெல்லாம் உன் கூட தான் கெடக்கணும் போல, என்றார் சலிப்பாக. நான் சொல்லவில்லை அஸ்வினி. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அந்த ஐந்து வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் என்னை என்ன நினைப்பாயோ. சாயங்காலம் ஆபீஸ் வாசலில் வண்டியோடு வந்து நிற்பார். ஒரு நாள் வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம், அவள் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே தின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்காக ஒரு பாட்டுப் பாடுங்க என்று கேட்டேன். அவருக்குப் பிடித்த ஒரு ஜோடிப் பாட்டை எடுத்தார். முதல் இரண்டு வரி அருமையாக வந்தது. அப்புறம் பெண் பாட வேண்டிய இடம். அங்கே வாயை மூடிக்கொண்டு நாற்காலிக் கையில் தாளம் தட்டினார், அவள் பாடி முடிக்கிற அளவு நேரம் தட்டிவிட்டு மறுபடி தன் வரியைப் பாடினார். அந்த வெற்றிடத்தில் அவள்தான் பாடிக்கொண்டிருந்தாள், அவருக்குக் கேட்டது. அடுத்த சரணத்தில் அந்த வரியை நான் பாடினேன். எனக்கு வார்த்தை எல்லாம் மனப்பாடம், சுருதிதான் சேராது. பாதியில் நிறுத்தி, காப்பி போடட்டுமா என்று எழுந்து போய்விட்டார். கோபமாகப் போகவில்லை, நாசூக்காகப் போனார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அவர் பாடவே இல்லை, குளிக்கும்போதுகூட.

ஜூன் இருபத்தோராம் தேதி சனிக்கிழமை, கோர்ட் விடுமுறை, சாரும் ஆபீசுக்கு வராத நாள், தமிழ்வாணி ஆபீசுக்கு வந்து நின்றாள். ஆளே கறுத்துப் போயிருந்தாள். கச்சேரி நின்றதிலிருந்து ஒரு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்று சேலை மடிக்கிறாளாம், தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே கரகரவென்று வந்தது. அக்கா, கல்யாணத்துல பாடுறதுக்குச் சட்டத்துல தடை இல்லைன்னு எங்க பொறந்த ஊரு திருவாதவூர்ல ஒரு வாத்தியார் சொல்றாரு, நெசமா பொய்யான்னு நீங்க தான் பாத்துச் சொல்லணும், எனக்கு வேற ஆரு இருக்கா, என்றாள். உட்காரு, டீ சொல்லிட்டு வாரேன் என்று கீழே இறங்கிவிட்டேன். டீக்கடையில் பத்து நிமிஷம் வீணாக நின்றேன், என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். திரும்பி வந்தால் புத்தகம் மேஜை மேல் திறந்திருக்கிறது. அவள் பி.ஏ. படித்தவள், அட்டையைப் பார்த்து அவளே எடுத்துவிட்டாள். பென்சில் கோடு போட்டிருந்ததால் பக்கம் தானாகக் கிடைத்திருக்கிறது. என் கையெழுத்து, என் தேதி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் காலண்டர் தொங்கியது, அதை அவள் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. பிறகு போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தாள். படம் பிடிக்கும்போது இடது கைக் கட்டை விரலை அந்தத் தேதி மேல் வைத்துக்கொண்டாள். டீயைக் குடித்தாள். நல்லதுக்கா, நான் போறேன், என்று எழுந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அந்தப் படம் அப்பா போனுக்கு வந்தது. அக்கா தான் சட்டப் புத்தகத்துல தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தாங்கண்ணே என்று எழுதியிருந்தாள். அப்பா என்னைப் பிடித்துச் சுற்றாத குறை. சூரியபிரகாஷ் சாரிடம் கேட்டோம். கல்யாணம், வரவேற்பு எல்லாம் தாராளமாகப் பாடலாம், ஹோட்டல், டிக்கெட் கச்சேரி என்றால் உரிமம் வாங்கியே ஆக வேண்டும், கோயில் திருவிழாவுக்கு அந்தந்த நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று விளக்கி, மண்டபத்துக்குக் கொடுக்க ஒரு கடிதமும் எழுதினார். அதையும் நான்தான் டைப் அடித்தேன். பேயாண்டி போர்டைக் கழற்றினான். ஆனி கடைசியில் ஒரு வரவேற்பு கிடைத்தது, நீயும் வரணும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார், பதினாலு வருஷத்துக்குப் பிறகு போனேன். முதல் பாட்டுக்கு முன்னால் அப்பா மைக்கைப் பிடித்து, நாங்க இன்னைக்கு இங்க நிக்கிறோம்னா அதுக்கு என் வீட்டுக்காரி அன்னக்கொடி தான் காரணம், என்று சொல்லி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். மண்டபமே கை தட்டியது. எழுந்து நின்றேன். மேடையில் தமிழ்வாணியும் கை தட்டிக்கொண்டிருந்தாள். அந்த மாதிரி ஒரு அவமானம் எனக்கு வாழ்க்கையில் நேர்ந்ததில்லை, அங்கே ஒருத்தருக்கும் அது தெரியவில்லை, அவளைத் தவிர.

சாப்பாட்டுப் பந்தியில் அவள் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்து, அந்தத் தேதியை அவர்ட்ட ஏன் சொல்லல என்று கேட்டேன். எனக்குப் பாடணும்க்கா. அண்ணனுக்கு மனசு சரியில்லன்னா குரல் இறங்கிரும், அப்புறம் எனக்கும் வராது, என்றாள். அவ்வளவுதான். என்மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, அஞ்சு வாரம் நின்னதுல காலு வீங்கிப் போச்சுக்கா, என்று சாதாரணமாகச் சொன்னாள், சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். அவருடைய குரல் எதனால் இறங்கும் என்று என்னைவிட அவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்றுதான் அந்த நேரத்திலும் எனக்குப் பட்டது. பார்த்தாயா, என் புத்தி எங்கே போகிறது என்று.

மறுநாள் காலையில் அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேதியை, கட்டை விரலை, பதினெட்டு வருஷத்தை, எல்லாம். துடைக்கிற துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நாலு நாள் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், நீ வீடியோவில் வந்தபோது மட்டும் சிரித்தார். ஐந்தாவது நாள் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஹோட்டலில் மறுபடி கூப்பிடுகிறார்கள், இந்த முறை உரிமம் வாங்கித்தான் பாடுவேன், நீயே அடிச்சுக் குடு, வேற ஆருகிட்டயும் கேக்க மாட்டேன், என்றார். பிறகு வாசல் வரை போய் நின்று, அந்தப் பிள்ள காலு வீங்குற வரைக்கும் விட்டிருக்க வேணாம் அன்னம், என்றார். பார்வையைப் பற்றி நான் சொன்னதற்கு இன்றுவரை ஒரு பதிலும் சொல்லவில்லை. போன சனிக்கிழமை நானே வண்டியூருக்குப் பஸ் ஏறிப்போய்த் தமிழ்வாணியிடம் மன்னிப்புக் கேட்டேன். சரிக்கா என்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான்.

படிவத்தை நேற்று முடித்தேன். பாடுகிறவர்கள் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைத் தங்கப்பாண்டி என்று அடித்து, அதற்குப் பக்கத்தில் தமிழ்வாணி என்று அடித்தேன். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே, போகவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது. ஆனால் அதற்காக இனி ஒருத்தியை நிற்க வைக்க மாட்டேன்.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் என்னைக் குறைத்துச் சொல்லாமல் சொல். உங்கள் தமிழ்ச் சங்கத்து விழாவில் நீ பாடப் போவதாகச் சொன்னாயே, அந்த ஊர்ச் சட்டம் வேறாக இருக்கும், அனுமதி இருக்கிறதா என்று நடத்துகிறவர்களிடம் கேட்டுவிட்டு மேடை ஏறு. ராத்திரி டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. வைட்டமின் மாத்திரையை மறக்காதே. அப்பாவிடம் பேசும்போது இந்தக் கடிதம் வந்ததைச் சொல்லலாம், எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும், கவர் ஒட்டுவதற்குப் பசை எடுத்துக் கொடுத்ததே அவர்தான். நீங்கள் இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் காத்திருந்து கேட்டு, நீண்ட ஆயுளோடு வாழ வேண்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
த. அன்னக்கொடி