பெரியமடுவில் கேட்ட குரல்

மன்னார்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கருணையால் நானும் நம் மகள் றிம்ஷாவும் சுகம். உங்கள் உடம்புக்கும் வயலுக்கும் அவன் ஒரு குறையும் வைக்காதிருக்க வேண்டும். கடிதத்தைக் கண்டதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதீர்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. போனில் பேச முடியாத ஒரு விஷயம், அதனால் எழுதுகிறேன். நாளைக் காலை மரக்கறி ஏற்ற உங்கள் பக்கம் வரும் அலியார் காக்காவின் லொறியில் கொடுத்து அனுப்புகிறேன். திங்கட்கிழமைக்கு முன் இது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

போனில் ஏன் முடியாது என்று உங்களுக்கே தெரியும். நம் வாடகை வீட்டுக்கும் அஸீபா ராத்தாவின் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரை போகவில்லை. போன கிழமை நான் தைத்துக்கொண்டே பேசலாம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று நீங்கள் கேட்டீர்கள். நான் வாய் திறக்குமுன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "விட்டிட்டுது தம்பி, கஞ்சியும் குடிச்சவள்" என்று ராத்தாவின் பதில் வந்துவிட்டது. உங்கள் பக்கமோ குளக்கட்டில் ஏறினால்தான் கவரேஜ். மாலையில் அந்தக் கட்டின் மேல் பத்துப் பேர் வரிசையாக நின்று பத்து வீட்டுச் சங்கதி பேசுவதை இந்த லீவில் வந்தபோது கண்ணாலேயே கண்டேன். நீங்கள் பெரியமடுவில் வயல் செய்யப் போன நாளிலிருந்து, நீங்கள் அங்கே குசுகுசுக்க, நான் இங்கே குசுகுசுக்க, இரண்டு வருடம் போய்விட்டது.

காணியை மஹ்மூது நானாவுக்கு விற்றுவிட்டு அவருடைய இரும்புக்கடைக்கே திரும்ப வேலைக்கு வாருங்கள் என்று நான் உங்களை நச்சரித்ததும் அப்படித்தான். "ஓம், நீ சொன்னபடியே செய்வம்" என்று போன மாதம் நீங்கள் சம்மதித்ததும் அப்படித்தான். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, குரலும் சரியாகக் கேட்கவில்லை. திங்கட்கிழமை கையெழுத்து என்று நாள் மட்டும் குறித்துவிட்டோம்.

விற்பதற்கு முன் வாப்பாவின் காணியை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றதால்தான் இந்த லீவில் நான்கு நாள் வந்தோம். இல்லாவிட்டால் நான் வந்திருக்கவே மாட்டேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியமடு எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் என் நாக்கில் இன்னும் சவர்க்கார நுரை போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் எழுந்து வேலியோரம் போனால் யானைக் காலடிகள். நீங்களோ தபால்காரன் வந்துபோன மாதிரி, "விடிய முன்னம் போயிருக்கு" என்கிறீர்கள். மகளுக்கு அங்கே காய்ச்சல் வந்திருந்தால் எந்த வாகனத்தில் எங்கே கொண்டு ஓடுவது? அடுத்த வருடம் அவள் ஓ.எல். சோதனை எழுத வேண்டும். கணக்கு டியூசனுக்கு அங்கே மரத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் இரண்டாம் நாள் காலையில் ஒன்று நடந்தது. உங்களுக்கு அது நினைவிலும் இருக்காது. நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வயல் பக்கமிருந்து யாரோ ஒரு ஆண் உரத்துக் கூப்பிட்டார். "சிங்கராசா அண்ணே, தண்ணி முழுக்க என்ர பக்கம் வருது, வாய்க்காலைக் கொஞ்சம் மறியுங்கோ!" அந்தக் குரல் வயலைத் தாண்டிப் போய்க் காட்டில் பட்டுத் திரும்பி வந்தது. பக்கத்து வயல்காரர் யாரோ என்று நினைத்து முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். றிம்ஷா எனக்கு முன்பே வாசலில் நின்றாள்.

"உம்மா, அது வாப்பாவா?" என்று கேட்டாள்.

பதினைந்து வயதுப் பிள்ளை தன் தகப்பனின் குரலை அடையாளம் தெரியாமல் கேட்கிறாள். அவளை எப்படிக் குறை சொல்வது? பதினாறு வருடம் உங்களோடு வாழ்ந்த எனக்கே தெரியவில்லை.

அன்று முழுக்க உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்கராசா அண்ணன் ஏதோ சொல்ல நீங்கள் தலையை அண்ணாந்து சிரிக்கிறீர்கள். மாட்டை அதட்டுகிறீர்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அரை மைலுக்கு அப்பாலிருந்து "வாறன்" என்கிறீர்கள். இங்கே இரும்புக்கடையில் ஆறு வருடம் ஆணி நிறுத்துக்கொண்டு, யார் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிய மனிதர் எங்கே போனார் என்று யோசித்தேன். அவரைத்தான் நான் அமைதியான குணம், கட்டியவளுக்கு நிம்மதி என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது நீங்கள் பத்து வயதில் பெரியமடுவை விட்டுப் போனவர். நான் அப்போது கைக்குழந்தை. புத்தளத்து முகாமில் ஓலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், இந்தப் பக்கம் இன்னொன்று. மெல்லப் பேசு என்பதுதான் எனக்கு உம்மா முதலில் சொல்லித்தந்த பாடம். எனக்கு அது கஷ்டமாக இருந்ததில்லை, வேறொன்றும் தெரியாதே. உங்களுக்கு வேறு தெரிந்திருந்தது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அஸீபா ராத்தாவின் மாமியார் சுவரில் தட்டினார். நான் உங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். அந்த மாமியார் மௌத்தாகி நான்கு வருடமாயிற்று. என் விரல் மட்டும் இன்னும் உதட்டில்தான் இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே நான் அரசாங்கக் கச்சேரிக்குத் தனியாகப் போவேன், பள்ளிக்கூட அதிபரோடு வாதாடுவேன், மீன் சந்தையில் என்னைக் கண்டால் விலை தானாக இறங்கும். பெரியமடுவில் அந்த நான்கு நாளும் குளிக்க உங்களைக் கூப்பிட்டேன், கடைக்குப் போக உங்களைக் கூப்பிட்டேன், நாய் குரைத்தாலும் உங்களைத்தான் கூப்பிட்டேன். வாய் செத்துப்போய்விட்டது. திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது. நான் அங்கே இருந்ததுபோலத்தான் நீங்கள் இங்கே இருந்திருக்கிறீர்கள். எனக்கு நான்கு நாள். உங்களுக்கு எத்தனை வருடம்!

வீட்டுச் செய்தியையும் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூடம் திறக்குமுன் தைக்க வேண்டிய வெள்ளைச் சட்டைகள் கதிரை, மேசை எல்லாம் குவிந்து கிடக்கின்றன. நேற்று ஒரு கழுதை வாசலுக்குள் தலையை நீட்டி ஒரு சட்டைக் கையைச் சப்பிவிட்டது. மகள் அதை "போ!" என்று அதட்டிய அதட்டலில் தெருவே திரும்பிப் பார்த்தது. நான் என்னையறியாமல் விரலை உதட்டுக்குக் கொண்டுபோனேன். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டேன்.

இப்போது கேளுங்கள். காணியை விற்க வேண்டாம். நான் அங்கே வந்து குடியிருப்பேன் என்று சொல்லவில்லை, அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன். மகளின் சோதனை முடியட்டும், அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசுவோம். அதுவரை லீவுக்கு நாங்கள் வருகிறோம், விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையில் நீங்கள் வாருங்கள். ஆள் இல்லாத வீடு எனக்குக் கசக்கத்தான் செய்கிறது. சில நேரம் இரண்டு பேருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிவிட்டு நிற்கிறேன். அதற்காக உங்களைப் பாதியாக வெட்டி இங்கே வைத்துக்கொள்ள எனக்கு இனி மனமில்லை.

மஹ்மூது நானாவின் கடை இங்கிருந்து பத்து நிமிட நடை. நானே போய்ச் சொல்லிவிடலாம், எனக்கு வாய் இருக்கிறது. வேண்டுமென்றுதான் போகாமல் இருக்கிறேன். இதுவரை உங்களுக்காக எல்லா இடத்திலும் நானே பேசியிருக்கிறேன். இதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு உண்மையில் விற்கத்தான் விருப்பம் என்றால் அதையும் நீங்களே சொல்லுங்கள், நான் ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். எனக்காக மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு குளக்கட்டில் ஏறி முதலில் எனக்குப் போன் எடுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருப்பேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசாதீர்கள். சிங்கராசா அண்ணனைக் கூப்பிட்ட அதே குரலில் உங்கள் முடிவைச் சொல்லுங்கள். கட்டின் மேல் நிற்கிற பத்துப் பேருக்கும் கேட்கட்டும். இங்கே அஸீபா ராத்தாவும் கேட்கட்டும், கேட்டு ஆமீன் சொல்லட்டும்.

அல்லாஹ் அந்தக் குரலை உங்களிடமிருந்து இன்னொரு தரம் எடுக்காதிருப்பானாக. வஸ்ஸலாம்.

உங்கள்
ஹுஸ்னியா