கயலின் இடது கை

செவ்வாய்க்கிழமை, கூலாய்.

என் விரல் முட்டி வீங்கியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் சிறப்புக் குழந்தைகள் பயிற்சி மையத்தில் இன்று கயல் முதல் முறையாகத் துணிக் கிளிப்பைத் தானே அழுத்தித் திறந்து அட்டையில் மாட்டினாள். ஆறு வயது, விரல்களில் பலமில்லாத பிள்ளை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்வதற்காக மாதக்கணக்கில் மாவு கிள்ளி விளையாடினோம். அழைத்துப்போக வந்த அவள் அப்பாவிடம் சந்தோஷமாகக் காட்டினேன். அவள் மாட்டியது இடது கையால்.

"பீச்சாங்கையிலயா சொல்லிக் கொடுத்தீங்க? நாளைக்கு அதுலயே சோறு திம்பாளா? டிகிரி படிச்ச டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா லா?"

மேசையிலிருந்த மர அடிக்கோலால் அந்தக் கையில் அடித்தார். கிளிப் தெறித்து விழுந்தது. கயல் அழவில்லை. அவர் மறுபடி ஓங்கினார். நான் கையைக் குறுக்கே நீட்டினேன். அந்த அடி எனக்கு விழுந்தது.

அப்போது கயல் அவர் கையைக் கிள்ளினாள், அதே இடது கையால். ரத்தம் கசியும்வரை விடவில்லை. அவர் அவள் முதுகில் அறைந்து, தரதரவென்று காருக்கு இழுத்துப்போனார்.

"இனிமே இவ இங்க வரமாட்டா."

வீட்டில் அந்தக் கையை என்ன செய்கிறாரோ. தூக்கம் வரவில்லை. அவள் கிள்ளியபோது நான் தடுக்கவில்லை. இரண்டு விரல்களும் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.