இப்படின்னா எப்படி?

அன்புள்ள நொட்டாங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். என் மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். போனில் நீ வாயைத் திறப்பதற்குள் உன் வாக்கியத்தையும் சேர்த்து நானே முடித்துவிடுகிறேன் என்று மாப்பிள்ளை ஒருமுறை சிரித்தாரே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். இடது கையால் எல்லாம் செய்கிறாய் என்று அப்பா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேறு பெயர் எனக்கு வாயில் வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஃபெயில். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

இருபத்தாறு வருஷம் முடி வெட்டியவள், அழகுக்கலை ஆசிரியர் உரிமத் தேர்வில் கோட்டைவிட்டேன். டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாள் முழுக்கக் கத்தரி பிடிப்பதெல்லாம் இன்னும் ஒரு வருஷம்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டார். அதற்குள் உரிமம் கிடைத்தால் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் உன் அத்தானுக்கு மட்டும் வெட்ட வேண்டியதுதான். அவர் தலையில் வெட்ட என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

வகுப்பில் ஒன்பது பேர். அத்தனை பேரும் சொந்தமாகக் கடை நடத்துகிறவர்கள், அத்தனை பேருக்கும் தலைக்கனம். சொல்லிக்கொடுக்கும் டீச்சர் நம் கடைக் கத்தரியைவிட வயதில் சின்னவள். முதல் நாளே ஒரு திரையைக் கட்டி, அந்தப் பக்கம் பொம்மைத் தலையோடு ஒரு மீசைக்காரரை நிறுத்தினாள். அவரும் பதினைந்து வருஷம் கடை வைத்திருப்பவர். ஒன்றுமே தெரியாதவர்போல, நான் சொல்வதை மட்டும் அவர் செய்ய வேண்டுமாம். நானும் சொன்னேன். சீப்பை இப்படிப் பிடிங்க, முடியை இப்படித் தூக்குங்க, இப்படி வெட்டுங்க. திரையை விலக்கினால் மனுஷன் சீப்பைத் துடைப்பம்போலப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பொம்மைக்கு ஒரு காதுப்பக்கம் மொட்டை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்காமல் கேட்டாள்.

"அக்கா, இப்படின்னா எப்படி?"

அன்றிலிருந்து கடையில் ஒவ்வொரு தலைக்கும் என் கை என்ன செய்கிறது என்று நானே வேடிக்கை பார்க்கிறேன். வெட்டுவதற்கு முன் சீப்பின் முதுகால் பிடரியை ஒரு தடவை அழுத்துகிறேன். ஏன் என்று யோசித்தால், அப்போதுதான் தலையைச் சிலுப்பாமல் இருப்பார்கள். இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

தேர்வு என்னவென்றால், கத்தரி பிடித்துப் பழகாத ஒரு மாணவி, உயிருள்ள ஒரு தலை, முக்கால் மணி நேரம். வாயால் மட்டும் சொல்லி வெட்ட வைக்க வேண்டும். கத்தரி நம் கைக்கு வரவே கூடாது. எனக்கு நான்காவது நிமிஷமே வந்துவிட்டது. அந்தப் பெண் முடியைத் தூக்கிப் பிடித்த லட்சணத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கொடு இங்கே என்று வாங்கி, பத்தே நிமிஷத்தில் அழகாக முடித்துவிட்டேன். வெட்டிக்கொண்ட அம்மாள் கண்ணாடியைப் பார்த்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். தேர்வாளர் தாளில் எழுதியது இரண்டே வரி. முடிவெட்டு மிக நன்று. பாடம் நடக்கவில்லை.

அந்தப் பெண் கத்தரியைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய்த் துண்டு மடிக்க ஆரம்பித்தாள். எட்டு வருஷத்துக்கு முன் நம் கடையில் தலைமையாசிரியை அம்மாவுக்கு நீ நெற்றியில் விழும் முன்முடி வெட்டிய அன்று நானும் கோணல், கொடு இங்கே என்றுதான் சொன்னேன். நீயும் துண்டுதான் மடித்தாய். அதற்கு முன் ஆறு மாதமாக உன் கையில் முடி வெட்டுப்படாமல் மடிந்துகொண்டே இருந்தது, நானும் அழுத்திப் பிடி, இப்படி, இப்படி என்று கத்திக்கொண்டே இருந்தேன். அடுத்த மாதம் நீ வேலை கிடைத்ததென்று அவ்வளவு தூரம் போனாய். நல்ல வேலை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.

சரி, அது கிடக்கட்டும். பன்னிரண்டு நாளில் மறுதேர்வு. இதிலும் போனால் இனி அடுத்த வருஷம்தான், அதற்குள் கை என்ன ஆகுமோ. அக்காவுக்காக வேண்டிக்கொள். வாய் பேசட்டும், கை சும்மா இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்.

அன்புடன்,
அக்கா


அன்புள்ள நொட்டாங்கைக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நேற்று மறுதேர்வு முடிந்தது. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை வந்த மாணவி ஒல்லியாக, கொஞ்சம் பயந்தவளாக இருந்தாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன். முடியை இரண்டு விரலுக்கு நடுவில் எடு, விரல் புருவத்துக்கு மேலே போகக் கூடாது, சீப்பின் முதுகால் அழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். வெட்டும்போது மட்டும் முடி மடிந்தது. மறுபடி வெட்டினாள், மறுபடி மடிந்தது. என் கை தானாக முன்னால் வரப் பார்த்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கைக்கு வேலை இல்லாததால் கண்ணுக்கு வேலை வந்தது. அவள் கத்தரியை இடது கையில் பிடித்திருந்தாள்.

வலது கைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் இரண்டு தகடும் ஒட்டாமல் விலகும். நடுவில் மாட்டிய முடி மடியத்தான் செய்யும். எவ்வளவு அழுத்தினாலும் மடியும்.

"நிறுத்தும்மா. உன் மேல தப்பில்ல. கத்தரிய மாத்து."

அலமாரியிலிருந்து இடது கைக் கத்தரியை எடுத்து வந்து வெட்டினாள். சுத்தமாக விழுந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன், எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. உன் முகம்தான் முன்னால் நின்றது.

இடது கைக் கத்தரி என்று ஒன்று உண்டென்பது எனக்குத் தெரியாததா? சாமான் வாங்கும் கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பெயர் வைத்துக் கூப்பிடத் தெரிந்தது, ஒரு கத்தரி வாங்கிக் கொடுக்கத் தோன்றவில்லை. உன் கையில் ஒரு குறையும் இருக்கவில்லை. எட்டு வருஷம் கழித்துச் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது. இன்னொன்று, அந்த முன்முடி கோணலாகவும் இல்லை. நீ பாதி வெட்டியிருந்தாய், அவ்வளவுதான். மீதியை வெட்ட நான் விடவில்லை.

தேர்வாளர் இந்த முறையும் இரண்டு வரிதான் எழுதினார். முடிவெட்டு சுமார். பாடம் நடந்தது. உரிமம் அடுத்த மாதம் கைக்கு வரும். உன் அத்தான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இன்று காலையில் ஒரு இடது கைக் கத்தரி வாங்கினேன். என் கையில் பிடித்து வெட்டிப் பார்த்தேன், முடி மடிகிறது. உனக்குப் பார்சலில் அனுப்பலாமா என்று யோசித்துவிட்டு, கடையில் நீ நின்று பழகிய கண்ணாடிக்குக் கீழே இருக்கும் டிராயரிலேயே வைத்துவிட்டேன். உன் கண்ணாடி என்றுதான் இன்னும் சொல்கிறோம்.

லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ. என் முடி தோளைத் தாண்டி வளர்ந்து கிடக்கிறது, யாரையும் தொட விடவில்லை. நீ வெட்டு. முன்முடியும் வெட்டு. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிடு, முடிகிறவரை நான் கையை வெளியே எடுக்க மாட்டேன்.

வருவாய் என்று காத்திருக்கும்,
அக்கா