கீழே வைக்க முடியாத கிண்ணம்

பிப்ரவரி 4

டேய் கண்ணாடி,

நல்லா இருக்கியா, இல்ல மூக்குல மாட்டிக்கிட்டே "என் கண்ணாடி எங்க"ன்னு இன்னும் வீடு பூரா தேடிட்டு இருக்கியா? தங்கச்சிகிட்ட சொல்லு, அவ போட்ட டீயைக் குடிச்சுப் பதினொரு வருஷம் ஆச்சு, நாக்கு செத்துக் கிடக்குன்னு.

எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்க. அஞ்சாம் கிளாஸோட பள்ளிக்கூடமும் நானும் ஒருத்தரை ஒருத்தர் கை கழுவிட்டோம். யார் முதல்ல கழுவினதுங்கிறதுல இன்னும் தகராறு.

மியூசியத்துல இருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்கடா. பழைய சாமானுக்குத் தாங்கி செய்யத் தெரிஞ்ச பழைய சாமான் நான் ஒருத்தன்தான் பாக்கியாம். எதுக்குன்னு நினைக்கிற? நம்ம மான் கிண்ணத்துக்கு! புதுப் பெட்டி, புது லைட்டு, அதுக்கு ஏத்த மாதிரி புதுத் தாங்கி. பார்த்தேன். கிண்ணமா வளைஞ்ச அதே வெள்ளிக் கொம்பு, அதோட முனையில முன்னங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிற அதே மான், நெஞ்சுல ஊத்தினது வழியுற அதே பட்டாணி அளவு ஓட்டை. ரெண்டாயிரம் வருஷத்துக் கிழடு, நம்மளை விட இளமையா இருக்கு.

பக்கத்துல கார்டு வெச்சிருக்காங்க. "மானை ஒரு நாட்டுக் கைவினைஞரும், கொம்பின் மேலுள்ள இலைக்கொடியை வேறொரு நாட்டுக் கைவினைஞரும் செய்திருக்கலாம்." அடப்பாவிங்களா! இது நீ சொன்னதுடா. துடைச்சுட்டே இருந்தவன் திடீர்னு நிறுத்தி, "வாலு, இது ரெண்டு சுத்தியல்டா. மானை அடிச்சவன் பொடிப் பொடியா அடிச்சிருக்கான். கொடியை அடிச்சவன் நீளமா இழுத்திருக்கான். இவன் பேசுறது அவனுக்குப் புரிஞ்சிருக்காது. ஆனா சேர்ற இடத்துல மயிரிழை விலகல பாரு"ன்னே. நான் என்ன சொன்னேன்? "எதிர்ல வர்ற பஸ்ஸு உனக்குத் தெரியாது, செத்துப்போனவன் சுத்தியல் தெரியுதாக்கும்"னு.

ஒரு நடை வந்து பாருடா. பஸ்ஸுல நாலு மணி நேரம்தான்.

உன் வாலு

பிப்ரவரி 19

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் தங்கச்சி ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். டீ எப்போதும் உண்டு, வந்து குடித்துவிட்டுப் போகச் சொல் என்கிறாள். நாங்கள் நலம். மகளும் பேத்தியும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

ஆனால் கிண்ணத்தைப் பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடாதே. கீழே போட்டவன் எந்த முகத்தோடு வந்து பார்ப்பது?

இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மணல் மெத்தையின் மேல் படுக்க வைத்துவிட்டுத்தான் பக்கத்து அறைக்குத் துணி எடுக்கப் போனேன் என்று சத்தியம் செய்வேன். திரும்பி வந்தால் தரையில் கிடக்கிறது, மானின் காது உடைந்து தனியாக. அப்படியென்றால் மெத்தை எங்கே, மேஜை விளிம்பு எங்கே என்றுகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானேதான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். நம்ப முடியாத கையை வைத்துக்கொண்டு இன்னொரு பொருளை எப்படித் தொடுவது? "குருடன் கையில் வெள்ளி" என்பாயே, விளையாட்டாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

காதை ஒட்டினார்களா? அதை மட்டும் எழுது.

உன் கண்ணாடி

மார்ச் 2

கண்ணாடி,

ஒட்டிட்டாங்க. நல்லாத்தான் ஒட்டியிருக்காங்க. உன் கண்ணுக்குத்தான் கோடு தெரியும்.

நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். நாலுலயும் எங்கயாவது ஒரு ஜோக்கு வந்து உட்கார்ந்துக்குச்சு. இதுல இல்ல.

நீ போடலடா. நான்தான்.

நீ துணி எடுக்கப் போனே. கிண்ணம் மெத்தை மேல, நீ வெச்சது வெச்சபடி படுத்திருந்துச்சு. எனக்குத்தான் சும்மா இருக்க வராதே. நீ திரும்பி வர்றப்போ மான் ஒண்ணுக்குப் போற மாதிரி காட்டி உன்னைச் சிரிக்க வைக்கலாம்னு, நெஞ்சு ஓட்டையை விரலால பொத்திக்கிட்டுத் தண்ணியை ஊத்தினேன். அப்போ வராந்தாவுல நம்ம மியூசியத்துப் பெரிய ஆபீசரோட பூட்ஸ் சத்தம். பயத்துல டக்குனு மேஜையில வெச்சேன். டம்ளரை வெக்கிற மாதிரி! நிக்கிறதுக்கு அடிப்பக்கமே இல்லாத கிண்ணத்தை. குடிச்சு முடிக்கிற வரைக்கும் கீழ வைக்கக்கூடாதுன்னே அப்படிச் செஞ்சிருக்கான். அதுக்குத் தாங்கி செஞ்சவனே நான்தான். எனக்கு அது மறந்துபோச்சு.

உருண்டு விழுந்துச்சு. பூட்ஸ் சத்தம் நம்ம ரூமுக்கு வரவே இல்லடா. அப்படியே தாண்டிப் போயிடுச்சு. நான் தண்ணியை மட்டும் துண்டால துடைச்சேன். காதை எடுக்கல. பின்கதவு வழியா வெளிய போய், அப்போதான் வர்றவன் மாதிரி முன்பக்கமா வந்தேன். நீ தரையில உட்கார்ந்திருந்தே. எல்லாரும் சுத்தி நின்னாங்க. அப்பவும் இந்த வாய் சும்மா இருந்துச்சா? "நான் சொல்லல, குருடன் கையில வெள்ளின்னு?" எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே.

ரெண்டு நாள் திட்டுவாங்க, அப்புறம் உன்கிட்ட மட்டும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ அன்னிக்குச் சாயங்காலமே எழுதிக் குடுத்துட்டே. அதுக்கப்புறம் வாய் வரல. ஊருக்கே வாய் காட்டுறவனுக்கு இதுக்கு மட்டும் வரல.

திட்டி எழுதுடா.

வாலு

மார்ச் 15

வாலு,

உன் தங்கச்சிதான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மீதியை நானே படித்தேன்.

திட்டத் தோன்றவில்லை. வேறொன்றுதான் ஞாபகம் வந்தது. நான் வேலையை விட்ட அடுத்த வருஷம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் மகள் குழந்தையை நீட்டினாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வேண்டாம்மா, போட்டுவிடுவேன்" என்றேன். அவள் அழுதாள். அப்புறம் யாரும் என்னிடம் நீட்டவில்லை. ஒரு தடவைகூட நான் அவளைத் தூக்கியதில்லை.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவளைக் கூப்பிட்டுத் தூக்கிப் பார்த்தேன். "என்ன தாத்தா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று சிரித்தாள். தூக்க முடியவில்லை. கையில் ஒன்றும் கோளாறு இல்லை. அவளுக்குப் பத்து வயதாகிவிட்டது.

இனி எழுத வேண்டாம்.

ஏப்ரல் 28

கண்ணாடி,

எழுதாதேன்னே. சொன்ன பேச்சைக் கேட்டு எனக்குப் பழக்கமில்ல. கையெழுத்துப் போடாம அனுப்பிட்டே. அந்த இடத்தைத்தான் தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

மியூசியத்துல சொல்லிட்டேன். இப்போ ஆபீசரா இருக்கிற அம்மா சின்ன வயசு. "ரெண்டு பேருமே இப்போ இங்க வேலையில இல்லையே ஐயா"ன்னாங்க. நான் விடல. பழைய ஃபைலை எடுக்கச் சொல்லி, உன் பேரை அடிச்சு என் பேரை எழுத வெச்சு, கீழ கையெழுத்தும் போட்டுட்டேன். கோணலாத்தான் இருக்கு. ஆனா என்னோடது.

தாங்கி முடிஞ்சுது. மூணு செஞ்சு மூணும் சரிப்படல, கிண்ணம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம்தான் நீ அதைப் பிடிக்கிற விதம் ஞாபகம் வந்துச்சு. கட்டைவிரல் மான் கழுத்துக்குப் பின்னாடி, ரெண்டு விரல் நெஞ்சுக்குக் கீழ, கொம்பு உள்ளங்கையில. பித்தளையை அப்படியே வளைச்சேன். துளி அசையல. உன் கை நடுங்கி நான் ஒரு நாளும் பார்த்ததில்லடா. அதை அன்னிக்கு நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கணும்.

நீ வர மாட்டே. பேத்தியை என்னிக்காவது ஸ்கூல்ல கூட்டிட்டு வந்தாங்கன்னா, மானைப் பார்த்த பிறகு கொஞ்சம் குனிஞ்சு கீழ தாங்கியைப் பார்க்கச் சொல்லு. தாத்தா தூக்கியிருந்தா எப்படித் தூக்கியிருப்பார்னு அவ பார்த்துக்கட்டும்.

தங்கச்சிக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல.

வாலு

(உறையின் மேல், தபால்காரர் கையெழுத்தில்: வாங்க மறுத்துவிட்டார். அனுப்பியவருக்கே திருப்பவும்.)