அம்மியில் தேய்த்த விரல்

நம் ஊரில் இரண்டு பொய்கள் உலவுகின்றன. நீ என் வீட்டு வேலைக்காரி என்பது ஒன்று. நான் தூண்டிவிட்டதால்தான் நீ செத்தாய் என்பது மற்றொன்று. இரண்டையும் திருத்துகிறேன். ஓசூர் கான்வென்ட்டில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் நீ. கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். உன்னைத் தூண்டிவிட யாராலும் முடிந்ததில்லை. கணக்கு சிஸ்டராலேயே முடியவில்லை.

இன்று காலை மிக்சி ஓடவில்லை. அம்மியைக் கழுவி, உப்பும் மிளகாயும் வைத்தேன். ஈரக் கல்லில் உப்பு நெரியும் சத்தம் கேட்டதும் கை நின்றுவிட்டது.

போன உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம், உங்கள் காலனிக்குள் ஆட்கள் மைப்புட்டியோடு வந்தார்கள். முன்னால் வந்தவர் என் கொழுந்தனார். விரலில் மை இருந்தால் பூத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் திட்டம். வீடு வீடாகக் கையைப் பிடித்து மை வைத்தார்கள். நீ ஒருவன் கையைக் கடித்தாய். உன்னை வாசற்படியில் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, விரலைப் பிரித்துக் கோடு இழுத்தார்கள். உன் முன்பல் ஒன்று படியிலேயே கிடந்தது.

மறுநாள் காலை வீங்கிய வாயோடு என் வீட்டுக்கு வந்தாய். முன்வாசல் வழியாகத்தான், நீ என்றைக்குமே அப்படித்தான்.

“அம்மி எங்கடி?”

உப்பைக் கொட்டி விரலைத் தேய்த்தாய். தோல் உரிந்தது. நகத்தில் கறை போகவில்லை. நகத்தையும் தேய்த்தாய். கல் சிவந்தது.

“மொதல்ல டாக்டர்கிட்ட போலாம்டி.”

“டாக்டர்கிட்டயா ஓட்டுப் போடறது? துணி குடு, லீடரம்மா.”

வகுப்பு லீடராக இருந்த குற்றத்துக்கு, அறுபது வயது தாண்டியும் உன்னிடம் எனக்கு அதுதான் பெயர்.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில்தான் பூத். வாசலில் கொழுந்தனார் மறித்தார்.

“அண்ணி, நீங்க போய் ஓட்டுப் போடுங்க. அவள எதுக்கு இழுத்துக்கிட்டு வர்றீங்க?”

“அவதான் என்னை இழுத்துக்கிட்டு வர்றா.”

யாரோ என்னைத் தள்ளினார்கள். மூக்குக்கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. நீ நிற்கவில்லை. உள்ளே போய் அதிகாரியின் மேசைமேல் விரலை வைத்தாய். காகிதத்தில் ரத்தம் சொட்டியது.

“மை எங்க சார் இருக்கு? காட்டுங்க.”

“வீட்டுக்குப் போங்கம்மா. அப்புறம் பாக்கலாம்.”

“அப்ப ஓட்டுப் போடக்கூடாதுன்னு எழுதிக் குடுங்க. கையெழுத்தும் வேணும்.”

அவர் எழுதவில்லை. உன் நடுவிரலில் மை வைத்தார். நீ ஓட்டுப் போட்டாய்.

வெளியே வந்ததும் இரும்புக் குழாயால் உன் தலையில் அடித்தான், கொழுந்தனாரின் மகன். விழுந்த பிறகும் அடித்தான். பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அத்திப்பள்ளி தாண்டும்போது, என் மடியில் உன் மூச்சு நின்றது.

அடித்தவன் பெயரைக் கோர்ட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் தடுத்திருப்பார். அவர் இல்லை, தடுக்க ஆளில்லை. அன்றிலிருந்து என் வீட்டுக்கு உறவினர்கள் வருவதில்லை. கற்கள் வருகின்றன. ஜன்னல் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

மறுபடியும் தேர்தல் வருகிறது. பூத் அதே இடத்தில்தான், கொழுந்தனார் வீட்டுக்கு எதிரில். உன் ஜனங்கள் அந்த வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். காலனி அங்கன்வாடிக்கு அதை மாற்றக் கேட்டுப் போன வாரம் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன்.

“பாக்கலாம்மா. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?” என்றார் அங்கிருந்த அதிகாரி.

“எனக்கும் அங்கதான் சார் ஓட்டு” என்றேன்.

நீ இருந்திருந்தால் அடுத்து என்ன கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். மனுவைத் திரும்ப வாங்கி, அவர் மேசையிலேயே வைத்து, அடியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டேன்:

மாற்ற முடியும் என்றாலும், முடியாது என்றாலும், எனக்கு எழுத்தில் பதில் தரவும்.