நிமிர்த்திய நண்டு

நெமுரோ
ஆகஸ்ட் 20

அன்புள்ள யாசுயோவுக்கு,

ஹக்கொடாதேயில் உன் அக்கா வீட்டில் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். மேற்கொண்டு நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நீ அனுப்பிய ஹனசாக்கி நண்டுப் படத்தின் பிரதியை அச்சிட்டு இன்று எங்கள் அருங்காட்சியகச் சுவரில் மாட்டினார்கள். பெண் நண்டின் அடிவயிறு இருபுறமும் ஒன்றுபோல் இருக்கிறது! இடது பாதியை வரைந்து, தாளை மடித்து, வலது பாதியை நகலெடுத்திருக்கிறாய். மயிர் நண்டுக்கு அந்தக் குறுக்குவழி பொருந்தும். அது அசல் நண்டு. இதுவோ, நத்தை ஓட்டுக்குள் உடலைச் சுருட்டி வாழ்ந்த துறவி நண்டின் வழித்தோன்றல். ஓட்டை விட்டு வெளியேறிக் கோடி ஆண்டுகள் கடந்தும் பெண்ணின் வயிறு கோணலாகவே இருக்கிறது. முட்டை தாங்கும் சிறுகால்கள் இடப்பக்கம் மட்டுமே. அதன் வம்சத்துக்கு அந்தக் கோணலே சாட்சி. அதை நீ அழித்துவிட்டாய். நண்டுத் திருவிழாவுக்கு வரும் ஊரே இந்தப் பொய்யைப் பார்க்கும். போதாததற்கு, கீழே நம் குடும்பப் பெயர்!

கிடாசாவா தெருஹிகோ

ஹக்கொடாதே
ஆகஸ்ட் 25

அன்புள்ள உங்களுக்கு,

நான் கோணலாகத்தான் வரைந்தேன். ஏப்ரலில், பனி கொட்டிய அன்று, நம் சமையலறை மேசையில் அந்த நண்டைத் திருப்பிப் போட்டு வரைந்தேன். நீங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அந்தப் படத்தில் பிறகு யார் கைவைத்தார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்தீர்களா? எப்போதும் தீர்ப்புத்தான் முதலில்.

கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா சிரித்தாள்: “உன் புருஷன் நண்டுக்கு வக்கீலா வந்திருக்காருடி. உனக்கு என்னைக்காவது வந்திருக்காரா?” எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருவிழாவுக்கு வீடு திரும்பலாமென்று பெட்டியைக் கட்டத் தொடங்கியிருந்தேன். எல்லாவற்றையும் எடுத்து மீண்டும் அலமாரியில் வைத்துவிட்டேன்.

யாசுயோ

நெமுரோ
ஆகஸ்ட் 29

அன்புள்ள யாசுயோவுக்கு,

குற்றவாளி எங்கள் இயக்குநர். கூசாமல் சொல்கிறார்: “கோணலா இருந்தா மிதிபட்ட நண்டுன்னு சனங்க நெனைக்கும்யா. நான்தான் அச்சகத்துல பாதிய மடிச்சு ஒட்டச் சொன்னேன். நண்டு வந்து கேஸா போடப் போவுது?”

“நான் போடுவேன்!” என்று கத்தினேன். அலுவலகமே எழுந்து நின்றது. படத்தை நானே கழற்றிவிட்டேன். நான் எழுதித் தரும் எந்த விளக்கத்தையும் இனித் தொடுவதில்லை என அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். சுவர் காலியாக இருக்கிறது.

உன்னைக் குற்றம் சாட்டியது என் பிழை. மன்னிப்புக் கேட்கிறேன். மூலப்படத்தை எடுத்துக்கொண்டு நீயே வந்துவிடு; வீடும் காலியாகத்தான் இருக்கிறது.

உண்மையின் பொருட்டு ஒன்று: நீ வரைந்த அன்று பெய்தது மழை. பனியன்று.

தெருஹிகோ

ஹக்கொடாதே
செப்டம்பர் 2

தெருஹிகோ அவர்களுக்கு,

மூலப்படத்தைத் தனி உறையில் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். திருவிழாவுக்கு முன் வந்துவிடும். நண்டு என்ன பாவம் செய்தது?

மூலையில் இருந்த குடும்பப் பெயரை அழித்துவிட்டு, என் தந்தையின் குடும்பப் பெயரை எழுதியிருக்கிறேன். நகராட்சி அலுவலகத்திலும் அப்படியே மாற்றிக்கொள்ளப் போகிறேன். அதற்கான விவாகரத்துத் தாள் அடுத்த வாரம் வரும், கையெழுத்திட்டு உங்கள் முத்திரை வைத்து அனுப்புங்கள். படத்தில் பெயரைத் திருத்த வேண்டாம்.

அன்று பனிதான் பெய்தது. வாசலில் அதைத் தள்ளியவள் நான்.

ஹிராயாமா யாசுயோ