பூனைமேல் போட்ட பழி

என்னங்க,

பூனையைத் திரும்பக் கூட்டிவரத் தங்கை வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

துவைக்க எடுத்த உங்கள் சட்டைப் பையில் ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை அட்டை கிடந்தது. உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டேன். “நான்தாம்மா குடுத்தேன். எனலாப்ரில்தானே அவனுக்கு இருமல் குடுத்துச்சு? இது வேற மாத்திரையாச்சே” என்றார்.

டாக்டரிடமும் கேட்டேன். “ரெண்டும் ஒரே வகைம்மா, ஏஸ் தடுப்பான். ஒண்ணுக்கு இருமல் வந்தா இன்னொண்ணுக்கும் பெரும்பாலும் வரும். அதனாலதான் வேற வகையா லோசார்டான் எழுதினேன். அதை மட்டும் போடச் சொல்லுங்க” என்றார். உங்களையும் உங்கள் அண்ணனையும் போலத்தான். பேர் வேறு, பிடிவாதம் ஒன்று.

லோசார்டான் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராமிப்ரில் என் கைப்பையில்.

இருமலுக்குப் பூனை முடிதான் காரணம் என்று சாதித்தீர்கள். நானும் நம்பி, திரைச்சீலை முதல் தலையணை உறை வரை அலசினேன். பாவம் பூனை, கூடைக்குள் கத்திக்கொண்டே தங்கை வீட்டுக்குப் போனது.

பி.கு.: பால் வாங்கி வையுங்கள், அதற்கு.

இன்னொன்று. வந்ததும் உங்கள் மடியில்தான் ஏறும். அதற்கு ரோஷம் கிடையாது. எனக்கு உண்டு, இன்று சாயங்காலம் வரை.